அரைப்பு நின்ற பின்: கிளே காற்றாலை வீடான வரலாறு

காற்றின் விசையால் கல்லைச் சுழற்றித் தானியம் அரைத்த ஆலைகள், உச்சக் காலத்தில் பிரித்தானியாவில் சுமார் 10,000 இருந்தன என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவற்றில் பெரும்பாலானவை தொழிலை இழந்தன. தொழில் இழந்த ஆலைக்கு நான்கு முடிவுகளே வாய்த்தன: சில இடித்து விற்கப்பட்டன, பல கவனிப்பாரின்றிச் சரிந்தன, மிகச் சில, ஆர்வலர்களின் உழைப்பால் மீண்டும் அரைக்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டன, எஞ்சியவற்றுள் கணிசமானவை மனிதர் குடியிருக்கும் வீடுகளாயின. இந்த நான்காவது முடிவு பெரும்பாலும் விநோதமான குடியிருப்பு என்ற அளவிலேயே பேசப்படுகிறது. ஆனால் ஓர் இயந்திரத்தை வீடாக்கும்போது எது காப்பாற்றப்படுகிறது, எது கைவிடப்படுகிறது என்ற கேள்வி பழங்கட்டடப் பாதுகாப்பின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. நார்ஃபோக் மாவட்டத்தின் வடகரையில் ‘கிளே நெக்ஸ்ட் த சீ’ என்னும் ஊரில் நிற்கும் காற்றாலையின் இருநூறாண்டு வரலாறு அக்கேள்வியை ஆராய ஏற்ற களமாகும்.

கட்டடமே இயந்திரம்

ஆலையை வீடாக்குவதில் உள்ள சிக்கலை உணர, ஆலையின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். இங்கிலாந்தின் காற்றாலைகள் மூன்று வகைப்படும். மிகப் பழையது கம்ப ஆலை. இதில் இறக்கைகள், கற்கள், பற்சக்கரங்கள் அனைத்தையும் தாங்கிய மரப்பெட்டி போன்ற உடல் முழுவதும் ஒற்றைப் பெருங்கம்பத்தின் மேல் நின்று, காற்று வீசும் திசைக்கேற்பத் திருப்பப்படும். அடுத்தது கோபுர ஆலை. செங்கல்லாலோ கருங்கல்லாலோ எழுப்பிய, மேலே செல்லச் செல்லக் குறுகும் வட்டக் கோபுரம் அசையாமல் நிற்க, ‘தொப்பி’ எனப்படும் உச்சிக்கூரை மட்டும் இறக்கைகளோடு சேர்ந்து சுழலும். மூன்றாவதான ‘ஸ்மாக்’ ஆலையில் தொப்பி அவ்வாறே சுழல, அதைத் தாங்கும் கோபுரம் பெரும்பாலும் எண்கோண வடிவில் மரச்சட்டங்களாலும் பலகைகளாலும் அமையும்.

கோபுர ஆலையின் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பணி உண்டு. இறக்கைகளின் சுழற்சி தொப்பிக்குள் உள்ள பெரிய பற்சக்கரத்தின் வழியாக, கோபுரத்தின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் செங்குத்து அச்சுக்குச் செல்லும். அந்த அச்சு ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள திரிகைக்கற்களைச் சுழற்றும். தானிய மூட்டைகள் அதே விசையாலேயே மேல்தளத்துக்கு இழுக்கப்பட்டுத் தொட்டிகளில் கொட்டப்படும். தானியம் தன் எடையாலேயே கல் தளத்துக்கு இறங்கி, மாவாகி, அதற்கும் கீழ்த்தளத்தில் மூட்டைகளில் நிரம்பும். தளங்களின் உயரம், உத்தரங்களின் பருமன், சன்னல்களின் இடம் ஆகியவற்றைத் தீர்மானித்தவை தானியத்தின் இந்த இறக்கமும் கற்களின் எடையுமே ஆகும். எனவே காற்றாலை, இயந்திரத்தை உள்ளே வைப்பதற்காகக் கட்டிய கூடம் என்பதைவிட, சுவர் முதல் கூரை வரை தானே ஓர் இயந்திரமாக இயங்கிய கட்டடம் என்று கொள்வதே பொருந்தும்.

18, 19 ஆம் நூற்றாண்டுகளின் கண்டுபிடிப்புகள் இந்த இயந்திரத்தைப் பெருமளவு தானியங்கியாக்கின. 1745-இல் எட்மண்ட் லீ காப்புரிமை பெற்ற வால்விசிறி, தொப்பியின் பின்புறம் பொருத்தப்பட்ட சிறு சுழலி ஆகும். காற்று திசை மாறினால் அது சுழன்று, முதன்மை இறக்கைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிடும். நார்ஃபோக்கில் பிறந்த பொறியாளர் வில்லியம் கியூபிட் 1807-இல் காப்புரிமை பெற்ற இறக்கைகளில், துணிக்குப் பதிலாகச் சிறு பலகைத் தட்டிகள் இருந்தன. ஆலையை நிறுத்தாமலேயே அவற்றைத் திறந்தும் மூடியும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது. வால்விசிறியும் கியூபிட் வகை இறக்கைகளும் கொண்ட கோபுர ஆலைகளின் தலைமுறையைச் சேர்ந்ததே கிளே காற்றாலை.

துறைமுகத்தின் ஆலை

கிளே இன்று கடலிலிருந்து சற்று விலகி, நாணல் படர்ந்த சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருக்கும் சிற்றூர். இடைக்காலத்தில் அது பிளேக்கனி, விவ்டன் ஆகிய ஊர்களோடு சேர்ந்து கிளேவன் ஆற்று முகத்துவாரத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. தானியமும் கம்பளியும் மீனும் அங்கிருந்து கடல் கடந்து சென்றன. சதுப்பு நிலத்தை மேய்ச்சலுக்கும் உழவுக்கும் மீட்பதற்காக 17 ஆம் நூற்றாண்டு முதல் மேற்கொள்ளப்பட்ட கரைகட்டும் பணிகள் அலையின் ஓட்டத்தைத் தடுத்ததால், ஆற்றுவாய் மெல்ல மெல்லத் தூர்ந்தது. ஆயினும் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு கப்பல்கள் இன்னும் அங்கு வந்துகொண்டிருந்தன. வயல்களில் விளைந்த கோதுமையும் வாற்கோதுமையும் படகுத்துறையை நாடி வந்தன. ஆலைக்கு அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இதிலிருந்து விளங்கும்: திறந்த சதுப்பு வெளியில் கடற்காற்றுக்குத் தடையே இல்லை, தானியமும் கப்பலும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன.

1797-இல் வெளியான வில்லியம் ஃபேடனின் நார்ஃபோக் வரைபடத்தில் இந்த ஆலை இல்லை. 1819-இல் நார்விச் செய்தித்தாளொன்றில் வந்த விற்பனை விளம்பரம் அதைப் புதிதாகக் கட்டப்பட்ட ஆலை என்று குறிப்பிடுகிறது. ஆகவே இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் அது எழுந்தது என்று கொள்ளலாம். ஐந்து தளங்களும், இறக்கைகளை அணுகிப் பழுது பார்ப்பதற்காகக் கோபுரத்தைச் சுற்றி இரண்டாம் தள மட்டத்தில் அமைந்த மர நடைமேடையும், கவிழ்த்த படகின் வடிவிலான தொப்பியும் அதன் அடையாளங்கள். விளம்பரத்துக்குப் பிறகும் விற்கப்படாமல், ஆலை அதன் உடைமையாளர்களான ஃபார்திங் குடும்பத்தாரிடமே பல்லாண்டுகள் இருந்து, பின்னர் பரோஸ் குடும்பத்தாரிடம் சென்றது. 1912-இல் அவர்கள் தம் தொழிலை அருகிலுள்ள ஹோல்ட் ஊருக்கு மாற்றிக்கொண்டபோது கிளே ஆலையின் கற்கள் நின்றன.

கற்கள் நின்றதன் காரணம்

இந்த முடிவு ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட தீர்மானமாகத் தோன்றினாலும், அதன் பின்னே அரை நூற்றாண்டுக்கும் மேலான பொருளியல் மாற்றம் இருந்தது. வெளிநாட்டுத் தானியத்தின் மீது வரி விதித்து உள்நாட்டு உழவைக் காத்துவந்த தானியச் சட்டங்கள் 1846-இல் நீக்கப்பட்ட பின், வட அமெரிக்கக் கோதுமை பிரித்தானியத் துறைமுகங்களுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியது. அக்கோதுமை கடினமானது, திரிகைக்கல்லில் அரைத்தால் உமித்தூள் கலந்த பழுப்பு மாவே கிடைத்தது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் வளர்ச்சி பெற்ற எஃகுருளை அரைப்பு முறையோ, தானியத்தைப் படிப்படியாக உடைத்து உமியை முற்றிலும் பிரித்து, நகர மக்கள் விரும்பிய வெண்மையான மாவைத் தந்தது. ஹென்றி சைமன் 1878-இல் மான்செஸ்டரில் இம்முறையில் ஓர் ஆலையை அமைத்த பிறகு, நீராவியால் இயங்கும் உருளை ஆலைகள் லிவர்பூல், ஹல், லண்டன் போன்ற பெருந்துறைமுகங்களில் அடுத்தடுத்து எழுந்தன. கப்பலிலிருந்து நேரே ஆலைக்கும், ஆலையிலிருந்து இரயில் வழியே கடைக்கும் மாவு செல்லத் தொடங்கியபின், காற்றுக்காகக் காத்திருக்கும் ஊர் ஆலைக்குக் கால்நடைத் தீவனம் அரைக்கும் வேலையே மிஞ்சியது.

கிளேவுக்கு இன்னோர் இழப்பும் நேர்ந்தது. 1880-களில் இருப்புப்பாதை ஹோல்டை அடைந்ததும் துறைமுகத்தின் எஞ்சிய வணிகமும் அங்கே நகர்ந்தது. துறைமுகத்துக்காகக் கட்டிய ஆலைக்குத் துறைமுகமே இல்லாமற்போயிற்று.

1921: புதிய உடைமையாளர், புதிய கடற்கரை

முதல் உலகப் போருக்குப் பின், 1921-இல், கைவிடப்பட்டுக் கிடந்த இந்த ஆலையைச் சேரா மரியா வில்சன் என்பவர் விலைக்கு வாங்கி, கட்டடக் கலைஞர் செசில் அப்ச்சரைக் கொண்டு விடுமுறைக் கால வீடாக மாற்றினார். உள்ளிருந்த இயந்திரப் பகுதிகள் அகற்றப்பட்டு, தளங்கள் அறைகளாயின. இறக்கைகளும் தொப்பியும் நடைமேடையும் புறத்தோற்றத்துக்காகப் பேணப்பட்டன.

ஆலையை வாங்கியவரின் தனி விருப்பம் மட்டுமே இதற்குக் காரணமாக இருந்திருந்தால் இது வரலாற்றுச் செய்தியாகாது. அப்பத்தாண்டில் நார்ஃபோக்கின் வடகரை முழுவதுமே தன் பயனை மாற்றிக்கொண்டிருந்தது. தானியமும் கப்பலும் விலகிய இடத்தில் ஓவியர்களும் பறவை ஆர்வலர்களும் கோடை விருந்தினரும் வந்து சேர்ந்தனர். ஆலையை அடுத்த கிளே சதுப்பு நிலம் 1926-இல் இயற்கைக் காப்பிடமாக வாங்கப்பட்டது. அதை நிர்வகிக்க அமைந்த நார்ஃபோக் அறக்கட்டளையே பிரித்தானியாவில் மாவட்ட அளவில் தோன்றிய வனவுயிர் அறக்கட்டளைகளுள் முதலாவது. உழவுக்காகக் கரைகட்டி மீட்க முயன்ற நிலம் பறவைகளுக்காகக் காக்கப்பட்டதும், தானியத்துக்காகக் கட்டிய ஆலை ஓய்வுக்கான இல்லமானதும் ஒரே மாற்றத்தின் இரு வெளிப்பாடுகள். உழைப்பின் நிலவெளி, காண்பதற்கும் இளைப்பாறுவதற்குமான நிலவெளியாக மாறியபோது, ஆலையின் உருவத்துக்கு அதன் மாவைவிட அதிக மதிப்பு உண்டாயிற்று.

வட்டச் சுவருக்குள் வாழ்க்கை

இத்தகைய மாற்றம் வீட்டுக்காரருக்கு எளிதாக அமைவதில்லை. வட்ட அறையில் நேர்க்கோட்டு மரச்சாமான்கள் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. உள்நோக்கிச் சாயும் சுவரால் மேல்தள அறைகள் கீழ்த்தள அறைகளைவிடச் சிறியவை ஆகின்றன. மூட்டையோடு ஆலைக்காரர் ஏறிய செங்குத்தான ஏணிகளுக்குப் பதிலாக முறையான படிக்கட்டு வைத்தால், அறையின் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. செங்குத்து அச்சு, கற்கள், தானியத் தொட்டிகள் ஆகியவை ஒவ்வொரு தளத்தின் நடுவிடத்தையும் அடைத்திருப்பதால், அவற்றை அகற்றாமல் அறை அமைப்பது மிகக் கடினம். ஆலை வீடுகள் பலவற்றில் இயந்திரம் முதற்பலியாவதற்கு இந்த இடநெருக்கடியே முதன்மைக் காரணம்.

ஈரம் இரண்டாவது சிக்கல். சாய்வான கோபுரச் சுவரில் மழைநீர் நேராக வழிந்து விழாமல் செங்கல்லின் மேற்பரப்போடு ஒட்டி இறங்குவதால், காற்றோடு வீசும் மழை சுவருக்குள் ஊறுகிறது. ஆலை இயங்கிய காலத்தில் இடுக்குகள் வழியே காற்றோட்டம் இருந்தது. வீடானபின் கண்ணாடிச் சன்னல்களும் உட்பூச்சும் ஈரத்தை உள்ளேயே நிறுத்துகின்றன. மூன்றாவது, தொப்பியும் இறக்கைகளும். இயங்கும் ஆலையில் வால்விசிறி தொப்பியைத் தொடர்ந்து திருப்பி, எத்திசைப் புயலையும் இறக்கைகள் நேர்முகமாக எதிர்கொள்ளச் செய்யும். தொப்பி ஒரே திசையில் நிலைநிறுத்தப்பட்டால், பின்புறமிருந்து வீசும் பெருங்காற்றுக்கு இறக்கைகளையும் தொப்பியையும் பெயர்த்தெறியும் வாய்ப்பு உண்டாகிறது. சுழலாத இறக்கைகளின் ஒரே மூலையில் மழைநீர் தேங்கி மரம் உளுப்பதால், சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. இயங்காத உறுப்பைக் காப்பதற்கு ஆகும் செலவு, அது இயங்கிச் சம்பாதித்த காலத்துச் செலவுக்குக் குறைந்ததன்று.

கிளே ஆலை வில்சனின் வழித்தோன்றல்களிடம் இருந்த காலத்தில்தான், 1953 சனவரி 31 இரவில், வடகடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையைச் சூழ்ந்து 300-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. சதுப்பு விளிம்பில் நிற்கும் ஆலையின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தபோதும் கோபுரம் நிலைத்து நின்றது. 1980-களில் அது விருந்தினர் விடுதியானது. பிற்காலத்தில் பாடகராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிளண்டின் குடும்பத்தார் அதன் உடைமையாளராக இருந்தனர் என்பதும் அதன் பெயர் பரவக் காரணமாயிற்று. குடும்ப இல்லம் விடுதியாவது பல ஆலை வீடுகளுக்கும் பொதுவான அடுத்த படிநிலை. பராமரிப்புச் செலவை ஈடுகட்ட, ஆலை மீண்டும் ஏதேனுமொரு வகையில் பணம் ஈட்ட வேண்டியதாகிறது.

சசெக்ஸில் மூன்று ஆலைகள், மூன்று முடிவுகள்

கிளேவின் வரலாற்றைத் தென்கரைச் சசெக்ஸ் ஆலைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பிரைட்டனுக்கு வடக்கே, கிளேட்டன் ஊரை அடுத்த குன்றில் ‘ஜாக்’, ‘ஜில்’ என்று குழந்தைப் பாட்டின் இணைப் பெயர்களால் அழைக்கப்படும் இரு ஆலைகள் அருகருகே நிற்கின்றன. ஜில் 1821-இல் பிரைட்டனில் கட்டப்பட்ட கம்ப ஆலை. 1852-இல் குதிரைகளும் எருதுகளும் இழுக்க, குன்றின் மேலேற்றி இன்றைய இடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஜாக் 1866-இல் எழுந்த கோபுர ஆலை. 20 ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே இரண்டும் அரைப்பதை நிறுத்தின.

அதன்பின் அவற்றின் வழிகள் பிரிந்தன. ஜாக் குடியிருப்பின் பகுதியாகியது. 1953 முதல் அதில் வாழ்ந்தவர்களுள் கோல்ஃப் வருணனையாளரும் எழுத்தாளருமான ஹென்றி லாங்ஹர்ஸ்ட் குறிப்பிடத்தக்கவர். அவர் காலத்தில், 1960-களில், ஆலையின் அருகிலேயே நவீன வீடொன்று எழுந்தது. ஜில்லை 1978 முதல் தன்னார்வலர்கள் சீரமைத்தனர். 1986-இல் அது மீண்டும் மாவு அரைத்தது. 1987 அக்டோபர்ப் பெரும்புயலில், தடை போட்டிருந்தும் ஜில்லின் இறக்கைகள் சுழலத் தொடங்கி, உராய்வின் வெப்பத்தால் தீப்பற்றியபோது, தன்னார்வலர்கள் விரைந்து வந்து அணைத்தனர். இயங்கக்கூடிய நிலையில் இருப்பதே அதன் ஆபத்தாகவும் ஆயிற்று. அந்த ஆபத்திலிருந்து காத்ததோ, இயந்திரத்தின் இயல்பை அறிந்தோர் அருகிலிருந்தமை.

மூன்றாவது, 1879-இல் ஷிப்லியில் கட்டப்பட்ட ஸ்மாக் ஆலை. எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக் 1906-இல் அதை அடுத்த வீட்டோடு சேர்த்து வாங்கினார். ஆனால் வீட்டில் குடியிருந்து, ஆலையை ஆலையாகவே விட்டுவைத்தார். 1926 வரை அது அரைத்தது. 1953-இல் அவர் மறைந்தபின் அவர் நினைவாகவே சீரமைக்கப்பட்டது. பின்னாளில் பிபிசி ஒளிபரப்பிய ‘ஜோனதன் கிரீக்’ என்னும் துப்பறியும் தொடரில், நாயகன் குடியிருக்கும் ஆலை வீடாகக் காட்டப்பட்டது இதுவே. வீடாக மாற்றப்படாததால் இயந்திரம் தப்பிய ஆலை, ஆலை வீட்டின் மிகப் பிரபலமான திரை வடிவமானது, மக்களின் கற்பனை எதை நாடுகிறது என்பதைக் காட்டும் சான்று.

வீட்டுக்கும் வரலாறு உண்டு

ஆனால் வீடானதை வெறும் இழப்பாகக் கருதுவது முழுமையான பார்வையாகாது. வீடான ஆலையும் தனக்கென ஒரு வரலாற்றை ஈட்டக்கூடும். சஃபோக் மாவட்டத்தின் ஸ்னேப் ஊரில் இருந்த பழைய ஆலைக் கட்டடத்தை இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1937-இல் தாயார் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு வாங்கி வீடாக்கி, அடுத்த ஆண்டு குடிபுகுந்தார். 1939 முதல் 1942 வரை அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர், கடலோர மீனவனின் துயரத்தைச் சொல்லும் ‘பீட்டர் கிரைம்ஸ்’ இசை நாடகத்தின் பெரும்பகுதியை அங்கேயே இயற்றினார்; அது 1945 சூன் 7 அன்று லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அரங்கேறியது. இன்று அக்கட்டடத்தின் மதிப்பு அது அரைத்த மாவால் வந்ததன்று. அதன் வட்ட அறைகளைக் கலைத்து மீண்டும் ஆலையாக்க வேண்டுமென்று எவரும் வாதிட முடியாது. ஏனெனில் இரண்டாம் வாழ்க்கை முதல் வாழ்க்கையைவிடப் பெரிய வரலாறாகிவிட்டது.

உறைவிடமும் தொழிலிடமும்: டச்சு மரபு

ஆலையில் குடியிருப்பதும் ஆலையை இயக்குவதும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற முடிவுக்கு இங்கிலாந்தின் சான்றுகளை மட்டும் பார்ப்பவர் வரக்கூடும். நெதர்லாந்து அதை மறுக்கிறது. கடல் மட்டத்துக்குத் தாழ்வான நிலத்திலிருந்து நீரை இறைக்க எழுந்த டச்சு ஆலைகள் பலவற்றின் கீழ்த்தளம் தொடக்கத்திலிருந்தே ஆலைக்காரக் குடும்பத்தின் வீடு. நீர் இறைப்பு இரவு பகலாகக் காற்றையும் நீர்மட்டத்தையும் பொறுத்தது என்பதால், ஆலைக்காரர் அங்கேயே வாழ வேண்டியிருந்தது. இறக்கைகள் தரைக்கு மிக அருகில் சுழன்றதால், ஒரு வாசல் முன்னே அவை சுழலும்போது மறுபக்கத்தால் வெளியேற, எதிரெதிரே இரு கதவுகள் வைக்கப்பட்டன. 1738 முதல் 1740 வரை எழுந்த ஆலைகளைப் பெரும்பான்மையாகக் கொண்ட கிண்டர்டைக் தொகுதியின் 19 ஆலைகள் 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் பலவற்றில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர், இறக்கைகளும் சுழல்கின்றன. 1972-இல் தோன்றிய தன்னார்வ ஆலைக்காரர் சங்கம் புதியவர்களுக்குப் பயிற்சி தந்து வந்தது. 2017-இல் காற்றாலை, நீராலைகளை இயக்கும் கைத்திறனையே யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபாக ஏற்றது. இங்கே கட்டடத்தோடு அதை இயக்கும் அறிவும் பாதுகாக்கத் தக்கதாகிறது.

திரும்பும் வழி

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1877-இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், 1931-இல் ஆலைகளுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1947 ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டம், சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறைக்கு வலிமை தந்தது. பின்னாளில் பட்டியலில் உள்ள ஆலையை வீடாக்க விரும்புபவர், உள்ளமைப்பில் செய்யும் மாற்றங்களுக்கும் இசைவு பெற வேண்டியதாயிற்று. கிளே ஆலை மாற்றப்பட்ட 1921-இல் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதே வேளையில், வாங்குவாரில்லாத ஆலைகளைக் காக்க அரசுக்கும் சங்கங்களுக்கும் வழியும் இல்லை. எனவே இயந்திரத்தை அகற்றியமைக்காக அன்றைய உடைமையாளரைக் குறைகூறுவது வரலாற்று நேர்மையாகாது. அவர் வாங்கியிராவிடில் கோபுரமும் எஞ்சியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

இன்றைய நிலை வேறு. எத்தனை தலைமுறை கழிந்தாலும், மறுபடி ஆலையாக்க விரும்பும் ஒருவருக்கு வழி எஞ்சியிருக்கிறதா என்பதே ஆலை வீட்டை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல். சுவர்களையும் இறக்கைகளையும் காக்கும் மாற்றம் உருவத்தைக் காக்கிறது. பற்சக்கரத்தையும் செங்குத்து அச்சையும் தம்மிடத்திலேயே விட்டுவைத்து, அறைகளை அவற்றைச் சுற்றி அமைக்கும் மாற்றம் இயந்திரத்தைப் பற்றிய அறிவையும் காக்கிறது. முதலாவதற்கு ஒரு வசதியான வீட்டுக்காரர் போதும். இரண்டாவதற்கு, இடநெருக்கடியைப் பொறுத்துக்கொண்டு இயந்திரத்தோடு குடியிருக்கச் சம்மதிப்பவரும், அதற்கான செலவின் ஒரு பங்கை ஏற்கும் சமூகமும் தேவை. அரிதாகிவரும் பழைய ஆலைகளுக்கு இசைவு வழங்கும் அமைப்புகள் இந்த இரண்டாவது வகையை விதியாகவும் முதல் வகையை விலக்காகவும் கொள்வதே, கிளே, கிளேட்டன், ஷிப்லி ஆகிய ஊர்களின் வரலாறுகளிலிருந்து பெறத்தக்க நடைமுறைப் பாடம்.